பழைய பெட்ரோல், சி.என்.ஜி. லோடு வண்டியா? ஸ்பார்க் பிளக்கைக் கவனியுங்கள்!

தக்காளியோ, வெண்டையோ, பூவோ, பறித்த சரக்கு சந்தை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் விலை. ஒட்டன்சத்திரத்துக்கோ கோயம்பேட்டுக்கோ போகும் வண்டி நடுவழியில் திணறி நின்றால், மெக்கானிக் கூலியைவிட அன்றைய விலை போன நஷ்டம்தான் பெரிது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில் இந்தத் தொல்லைக்குப் பல நேரம் காரணமாக இருப்பது, சில நூறு ரூபாய் விலையுள்ள ஸ்பார்க் பிளக். அதை எப்போது மாற்றுவது, எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

உங்கள் வண்டியில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா?

டீசல் வண்டிகளில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் தீப்பிடித்துவிடும். சில டீசல் என்ஜின்களில் இருக்கும் ஹீட்டர் பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுவது, அது வேறு. பெட்ரோல், சி.என்.ஜி. என்ஜின்களில் சிலிண்டருக்கு ஒரு பிளக் வீதம் இருக்கும். மாருதி சூப்பர் கேரி பெட்ரோல் வண்டியில் 4 சிலிண்டர், டாடா ஏஸ் கோல்டு பெட்ரோல் வண்டியில் 2 சிலிண்டர். 2 சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் என்ஜினின் பாதி போனதற்குச் சமம்.

ஏன் தேய்கிறது?

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருளைப் பற்றவைக்க நிமிடத்துக்கு 1,500 முறை பொறி தேவை. ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. ஒவ்வொரு பொறியும் பிளக்கின் முனையைத் துளித்துளியாக அரிக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் முனைகளுக்கு நடுவே 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். முனை தேயத் தேய இந்த இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவை. அந்தச் சுமையை இக்னிஷன் காயில் தாங்க வேண்டும். பிளக்கை மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அடுத்து காயில் போய்விடும்.

லோடு ஏற்றி மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பொறி பாயவும் அதிக மின்னழுத்தம் வேண்டும். அதனால்தான் காலியாக நன்றாக ஓடும் வண்டி, சரக்கு ஏற்றியதும் மிஸ் அடிக்கிறது. சி.என்.ஜி.யைப் பற்றவைக்கவும் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. பெட்ரோலில் சரியாக ஓடும் வண்டி கேஸுக்கு மாற்றியதும் திணறினால், முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பிறகு கேஸ் ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போகலாம்.

என்னென்ன அறிகுறிகள்?

காலையில் செல்ஃப் அதிக நேரம் சுற்றுவது, நிற்கும்போது என்ஜின் ஆடுவது, இழுவை குறைவது, மைலேஜ் குறைவது, சைலன்சரில் பெட்ரோல் வாடை ஆகியவை பொதுவான அறிகுறிகள். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அலட்சியம் வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அது பிளக்கைவிடப் பல மடங்கு விலை. ஆக்சிலரேட்டரைக் குறைத்து, அருகிலுள்ள பட்டறையில் நிறுத்திப் பாருங்கள்.

பிளக்கின் நிறம் சொல்லும் சேதி

கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டரில் இருந்து எடுத்தது என்று வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள்.

வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: என்ஜின் நன்றாக எரிகிறது. இடைவெளியை மட்டும் அளந்தால் போதும்.

உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. மண்பாதையில் ஓடும் வண்டியில் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமான கறுப்பு: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து, ஆயில் உள்ளே வருகிறது. புது பிளக் போட்டாலும் விரைவில் அதுவும் இப்படித்தான் ஆகும். ஆயில் எவ்வளவு குறைகிறது என்று கவனித்து, கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

வெளுத்து, கொப்புளம் தட்டியது அல்லது முனை உருகியது: என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கூலன்ட், எரிபொருள் அளவு, பிளக் வகை மூன்றையும் சரிபார்க்க வேண்டும். இந்த நிலையில் லோடு ஏற்றாதீர்கள். பிஸ்டனில் ஓட்டை விழ வாய்ப்புண்டு.

பிளக்தான் காரணமா?

எல்லா மிஸ்ஸிங்குக்கும் பிளக் காரணமல்ல. தனித்தனி காயில் உள்ள வண்டியில், சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் கோளாறு. பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் பி0301 என்பது முதல் சிலிண்டரையும், பி0302 இரண்டாவதையும் குறிக்கும். தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தும் வண்டியென்றால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரஷர் பம்பில் கழுவிய பின் மிஸ் அடித்தால் பிளக் குழியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். குழியில் ஆயில் நின்றால் மேல் மூடியின் சீல் கசிகிறது என்று பொருள்.

ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். கடுமையாக ஷாக் அடிக்கும், காயிலும் கெடும்.

கழற்றி மாட்டும்போது

சூடான என்ஜினில் பிளக்கைக் கழற்றக் கூடாது. இன்றைய என்ஜின்களின் ஹெட் அலுமினியம். சூட்டில் முறுக்கினால் மரை சிதைந்துவிடும். முதலில் குழியில் உள்ள மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். இறுகிப்போன பிளக்கை ஒரே மூச்சில் முறுக்காமல், சிறிது தளர்த்தி, கார்பன் கரைக்கும் திரவம் விட்டு, ஊறிய பின் முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுக்க வேண்டும்.

நெடுநாள் கழற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் நல்ல உதாரணம். 2004 முதல் 2008 வரை வந்த அதன் 5.4 லிட்டர் என்ஜினில், இரு துண்டாகச் செய்யப்பட்ட நீளமான பிளக்கைச் சுற்றிக் கரி இறுகிவிடும். கழற்றும்போது கீழ்ப்பகுதி ஒடிந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கத் தனிக் கருவியே தேவைப்பட்டது. நம் வண்டிகளின் பிளக் அந்த வடிவமல்ல. ஆனால் நாள் கடத்தினால் பிளக் இறுகும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

புது பிளக்கை முதலில் கையாலேயே மரையில் ஏற்றுங்கள். பிறகு டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். அது இல்லையென்றால், வாஷர் உள்ள புது பிளக்கைக் கையால் முழுதும் திருகிய பின் சுமார் அரைச் சுற்று இறுக்கினால் போதும். தளர்வாக இருந்தாலும் கெடுதல்தான். சூடு ஹெட்டுக்குப் போகாமல் பிளக் உருகும்.

எதை வாங்குவது?

வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் சூட்டை வேகமாகக் கடத்தும் வகை. பாஷ் பிளக்கில் நேர்மாறு. எனவே ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கக் கூடாது. போலிகளும் சந்தையில் உண்டு. விலை மிகக் குறைவாக இருந்தால், எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தால் வாங்காதீர்கள். பில் கேளுங்கள். இரிடியம் பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. மெல்லிய முனை உடைந்துவிடும்.

எப்போது மாற்றுவது?

சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையும், இரிடியம் பிளக் பல வண்டிகளில் 80,000 கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கும். கையேட்டில் உள்ள அளவே உங்கள் வண்டிக்குச் சரி. கேஸில் ஓடினாலும், தினமும் லோடு ஏற்றினாலும் அதற்கு முன்பே கழற்றிப் பாருங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறுவடை தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி இதைச் செய்துவிட்டால், சரக்கோடு ரோட்டில் நிற்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பழைய பிளக்குகளில் நல்ல நிலையில் உள்ள ஒன்றையும், பிளக் ஸ்பேனரையும் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.