மரம் அறுத்த எஞ்சின், மாதிரி விமானத்தில்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், அசல் விமானத்தின் கால் பங்கு அளவுள்ள மாதிரிகளைக் கட்டும் ஆர்வம் பெருகியது. அவற்றை இழுக்க, செயின்சாவின் இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்களும் மாற்றியமைக்கப்பட்டன. கயிற்று ஸ்டார்ட்டர், கிளட்ச், மேலுறை ஆகியவை கழற்றப்பட்டன. எடையைக் குறைக்க ஃப்ளைவீலின் விசிறி இதழ்கள் கடைந்தெடுக்கப்பட்டன. மின்பொறிக்குத் தேவையான காந்தம் மட்டும் அதிலேயே விடப்பட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் வேலை புரொப்பெல்லர் காற்றுக்கு வந்தது.

இப்படி மாற்றப்பட்டு நெடுநாள் கிடந்த எஞ்சினைச் சீராக்கும்போது முதலில் திறக்க வேண்டியது கார்புரேட்டரை. உள்ளே நாணயம் அளவுக்கு இரண்டு மெல்லிய டயஃபிரம் சவ்வுகள் இருக்கும். ஒன்று கிராங்க் அறையின் அழுத்த மாற்றத்தால் துடித்து, டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். மற்றது மிதவைக்குப் பதிலாக இருந்து அளவைக் கட்டுப்படுத்தும். விமானம் தலைகீழாகப் பறக்கும்போதும் எஞ்சின் ஓடுவது இந்த அருமையான அமைப்பால்தான். பழைய பெட்ரோல் பிசினாகிச் சவ்வை விறைக்கச் செய்திருந்தால், அதை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது கிராங்க் தண்டின் ஆயில் சீல்கள். அவை கசிந்தால் காற்று புகுந்து, கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். புகைபோக்கியைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கவாட்டுக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியும்.

சோதனை ஓட்டத்தின்போது புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.