கடவுளைக் கலாய்ச்ச நம்ம ஊர்க்காரர்!

கள்ளக்குறிச்சின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கல்வராயன் மலை, பெரியார் அருவியில ஒரு குளியல்... சரிதானே? அடுத்த முறை பைக்கைக் கொஞ்சம் உளுந்தூர்பேட்டை பக்கமும் திருப்புங்க. அதே மாவட்டத்துலதான் திருநாவலூர் இருக்கு. சாமியையே கலாய்ச்ச சுந்தரர் பிறந்த ஊர்!

பக்தின்னா உம்முன்னு இருக்கணும், சிரிச்சா சாமி குத்தம்னு நினைக்கிறவரா நீங்க? அப்போ பெரியபுராணம் சொல்ற இந்தக் கதையைக் கேளுங்க.

சுந்தரருக்குக் கல்யாணம். திடீர்னு ஒரு கிழவர் வந்து, 'இவன் என் அடிமை'ன்னு வழக்கைக் கிளப்பறார். 'நீர் என்ன பித்தரா?'ன்னு சிரிக்கிறார் மாப்பிள்ளை. கிழவர் கையில இருந்த ஓலையையும் பிடுங்கிக் கிழிச்சுப் போடறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது. கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்ட, மாப்பிள்ளை அவுட்! கடைசியில பார்த்தா, வந்தவர் சிவபெருமான். 'என்னன்னு பாடறது?'ன்னு தவிச்சவர்கிட்ட, 'பித்தன்னு திட்டினியே, அதையே முதல் வார்த்தையா வெச்சுப் பாடு'ங்கிறார். திட்டு தேவாரமாச்சு! அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் தோஸ்த். சுந்தரருக்குத் 'தம்பிரான் தோழர்'னே பேர்.

சந்தோஷத்துல சிரிக்கிறது ஈஸி. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறினதால சுந்தரருக்கு ரெண்டு கண்ணும் போச்சு. அப்பவும் நட்பு முறியலை. ஒரு கண் காஞ்சிபுரத்துல கிடைச்சது. இன்னொரு கண்ணுக்காகத் திருவாரூர்ல நின்னு, 'நாங்க எப்படியோ போறோம், நீங்க நல்லா இருங்க சாமி' ரகத்துல கிண்டலும் கோபமுமா சண்டை போட்டார். ஜெயிச்சார்.

அதோட விட்டாரா? கோபிச்சுக்கிட்ட மனைவி பரவையாரைச் சமாதானப்படுத்த, சிவபெருமானையே ராத்திரியில ரெண்டு தடவை தூது அனுப்பினார். 'ஆண்டவனை ஏவலாள் ஆக்கறதா?'ன்னு கொதிச்சார் ஏயர்கோன் கலிக்காமர். அவர் கோபத்துலயும் நியாயம் இருக்கு. ஆனா கடைசியில ரெண்டு பேரும் நண்பர்களாயிட்டாங்க. அறுபத்து மூவர்ல கொதிச்சவருக்கும் இடம் உண்டு, கலாய்ச்சவருக்கும் இடம் உண்டு!

அரியர், வீட்டுக் கஷ்டம், காதல் சொதப்பல்... எதுவானாலும் சாமிகிட்ட அழலாம். உரிமையா சண்டை போடலாம், சிரிக்கவும் செய்யலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. உரிமை இருக்கிற இடத்துல பண்ணினாத்தான் அது கிண்டல். அடுத்தவங்க நம்பிக்கையைச் சீண்டினா, அது வெறும் காயம்.

நம்பிக்கை ஆட்டம் காணுறப்போ கும்பிடக்கூடத் தோணாது. அப்போ, 'என்ன சாமி, இன்னிக்கும் லீவா?'ன்னு கேட்டுப் பாருங்க. பேச்சுவார்த்தை இருக்கிற வரைக்கும் நட்பு இருக்குன்னுதானே அர்த்தம்!