1500 மணி நேர விதி

1500 மணி நேர விதி என்பது ஐக்கிய அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனங்களில் பணிபுரியும் விமானிகள் அனைவரும் குறைந்தது 1500 மணி நேரம் பறந்த அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதியாகும். 2010-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விமானப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில் 2013 முதல் இது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் தலைமை விமானிக்கு மட்டுமே இவ்வளவு அனுபவம் கட்டாயமாக இருந்தது. துணை விமானியாகச் சேர வணிக விமானி உரிமமும் சுமார் 250 மணி நேர அனுபவமும் போதுமானதாக இருந்தது.

பின்னணி

2009 பிப்ரவரி 12 அன்று நெவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தனர். வேகம் குறைந்து இறக்கைகள் தாங்குவிசையை இழக்கப்போவதைக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. அப்போது விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவதே முறை. தலைமை விமானியோ தண்டைத் தன்பக்கம் இழுத்தார். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். இருவரின் களைப்பையும் விசாரணை வாரியம் சுட்டிக்காட்டியது. இறந்தோரின் குடும்பத்தினர் தொடர்ந்து வலியுறுத்தியதன் விளைவே 2010-ஆம் ஆண்டுச் சட்டம்.

அனுபவம் சேர்க்கும் வழி

வணிக உரிமம் பெற்ற இளம் விமானிகளில் பலர் பறப்புப் பயிற்றுநர்களாகின்றனர். செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் மாணவர்களுக்குக் கற்பித்தபடியே தம் மணிக்கணக்கை உயர்த்திக்கொள்கின்றனர். விளம்பரப் பதாகை இழுத்தல், வான்வழி நில அளவை ஆகியவையும் உண்டு. படைத்துறை விமானிகளுக்கு 750, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் வானோட்டப் பட்டம் பெற்றோருக்கு 1000 மணி நேரம் எனச் சலுகை உள்ளது. வயது வரம்பு பொதுவாக 23, சலுகை பெறுவோருக்கு 21. 30 மணி நேர வகுப்பும் 10 மணி நேர சிமுலேட்டர் பயிற்சியும் கொண்ட ஒரு பாடநெறியை முடித்த பின்னரே எழுத்துத் தேர்வு எழுத முடியும்.

விமர்சனம்

கோல்கன் விமானிகள் இருவருமே 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். தலைமை விமானியின் அனுபவம் 3000 மணி நேரத்தையும் தாண்டியிருந்தது. விதியை எதிர்ப்போர் முதலில் காட்டும் சான்று இதுவே. தெளிந்த வானில் ஒற்றை இயந்திர விமானத்தை ஓட்டிய நேரம், பனி உறையும் இரவில் பெரிய விமானத்தைக் கையாளக் கற்றுத்தராது என்பது அவர்கள் வாதம். தனியே முடிவெடுத்துப் பறந்த நேரமே ஒரு விமானியைப் பக்குவப்படுத்துகிறது என்கின்றனர் ஆதரிப்போர். விமானிகள் சங்கங்கள் விதியைத் தளர்த்துவதை எதிர்க்கின்றன. சிறு நகரங்களுக்கான சேவைகள் விமானிகள் பற்றாக்குறையால் குறைவதாக வட்டார நிறுவனங்கள் கூறுகின்றன. களைப்பைப் பொறுத்தவரை, அதே 2010 சட்டத்தின் வழி வந்த ஓய்வு நேர விதிகள் நேரடியான தீர்வாக அமைந்தன. அவை இவ்வளவு சர்ச்சைக்கு உள்ளாகவில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் 200 மணி நேரப் பறப்புடன் வணிக விமானி உரிமம் பெற்றவர், ஓட்டவிருக்கும் விமான வகைக்கான தனிப்பயிற்சியை முடித்துத் துணை விமானியாகச் சேரலாம். 1500 மணி நேரம் என்பது அங்கு தலைமை விமானிக்கான உரிமத்துக்கு மட்டுமே கேட்கப்படுகிறது.