கருவைக் காக்கும் சுரப்பு மூளையைக் காக்குமா?

சுரப்பிகளில் ஊறி, இரத்தத்தோடு கலந்து, தூரத்திலுள்ள அவயவங்களுக்கு ஏவல் சொல்லும் பொருள்களுக்கு 1905-ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் நிபுணர் ஹார்மோன் என்று பெயரிட்டார். அவற்றுள் கர்ப்பத்தை நிலைநிறுத்தும் பணி பூண்டது புரோஜெஸ்டிரோன். 1934-இல் சுத்தமாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்தச் சுரப்பு, வெகுகாலம் மகப்பேற்று வைத்தியர்களின் கவனத்துக்கு மட்டுமே உரியதாயிருந்து, பின்னர் மூளை ஆராய்ச்சியாளர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்த வரலாறு விசித்திரமானது.

பக்கவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபடுவதால் நேர்கிறது. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் ஏற்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தானே கொள்வதால், ஓட்டம் நின்ற சில நிமிஷங்களிலேயே அடைப்பின் மையத்திலுள்ள நரம்பணுக்கள் மாண்டுவிடுகின்றன. பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் அந்த மையத்தைச் சூழ, செயலிழந்தும் உயிர் போகாத ஒரு பிரதேசம் சில மணி நேரம் ஊசலாடுகிறது. சாகும் அணுக்கள் கொட்டும் குளூட்டமேட் என்னும் பொருள் அண்டை அணுக்களை அளவுக்கு மீறித் தூண்ட, அவற்றினுள் கால்சியம் பாய, வீக்கமும் அழற்சியும் தொடர, ஊசலாடும் அப்பிரதேசமும் மெல்ல மெல்ல மரணத்தில் சேர்கிறது. அதைக் காப்பாற்றுவதே வைத்தியரின் முழு நோக்கம்.

இதற்குப் புரோஜெஸ்டிரோன் உதவலாம் என்ற எண்ணம் தலைக்காய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் ஸ்டைன், மூளையில் ஒரே விதமான காயம் பட்ட எலிகளுள் ஆண்களைவிடப் பெண்கள் நன்றாகத் தேறுவதையும், அப்பெண்களிலும் புரோஜெஸ்டிரோன் மிகுந்திருந்த சமயத்தில் காயம் பட்டவற்றுக்கு மூளை வீக்கம் மிகக் குறைவாயிருந்ததையும் கண்டு, அச்சுரப்பை ஆண் எலிகளுக்கும் செலுத்திப் பார்த்தார். அவற்றுக்கும் வீக்கம் தணிந்தது. 1996-இல், இரத்தக் குழாயைச் சிறிது நேரம் அடைத்துத் திறந்த ஆண் எலிகளிலும் அது மூளைச் சேதத்தைக் குறைத்தது. இதில் வியப்பு பெரிதாக இல்லை. ஏனெனில் ஆண், பெண் இருபாலாரின் மூளையும் நரம்புகளும் இச்சுரப்பைத் தாமே ஓரளவு உற்பத்தி செய்கின்றன. உடலில் அது மாற்றமடைந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்னும் பொருள், நரம்பணுக்களின் மிதமிஞ்சிய கிளர்ச்சியை அடக்கவல்லது.

மனிதர் விஷயத்தில் கதை வேறாயிற்று. பலமான தலைக்காயம் பட்டவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகள் நம்பிக்கை ஊட்டின. ஆனால் 882 பேரும் 1,195 பேரும் பங்குகொண்ட இரண்டு பெருஞ்சோதனைகள், 2014-இல் வெளியானபோது, மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேற்றுமை இல்லை என்றே தெரிவித்தன. சோதனைச் சாலையில் ஒரே வயதுள்ள, ஆரோக்கியமான எலிகளுக்கு ஒரே இடத்தில், ஒரே அளவில் காயம் உண்டாக்கப்படுகிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிற மனிதரோ வயதிலும் வியாதியிலும் காயத்திலும் ஒருவருக்கொருவர் ஒவ்வாதவர். எலியின் வெற்றியை மனிதனுக்கு உறுதிமொழியாகக் கொண்ட அவசரமே இங்கே பெருங்குற்றம் என்பேன். பக்கவாத ஆராய்ச்சியில் இது புதிதுமன்று. சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகளை 2006-இல் எண்ணியவர்கள் 1,026 என்று கணக்குச் சொன்னார்கள், அவற்றுள் மனிதருக்குப் பலித்தவை மிகமிகச் சில.

எலிகளின் மூளையை அழகாகக் காத்த மற்றொரு சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனின் கதை இன்னும் எச்சரிக்கை மிகுந்தது. பக்கவாதம் கண்டு மீண்ட, மாதவிடாய் நின்ற 664 பெண்களிடம் நடத்திய சோதனை, அது மீண்டும் நோய் வாராமல் தடுக்கவில்லை என்று 2001-இல் காட்டிற்று. அடுத்த ஆண்டு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மாத்திரை உண்போருக்குப் பக்கவாதம் அதிகப்படுவதையே கண்டது.

ஆகவே மூளைக்கு அரண் என்று எண்ணி எவரும் இச்சுரப்புகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை ஒன்று தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, எண்ணெய் தேய்த்துப் பொழுதைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரி சேருங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது.