சாம்பார் தாளிச்சா சுவர் கறுக்குமா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. படிப்பு, பகுதி நேர வேலை, நடுவுல வீட்டு ஏஜெண்டோட ஒரு சண்டைன்னு குளிர்காலம் ஓடிப்போச்சு. அந்தச் சண்டைக் கதைதான் இந்தப் பதிவு. வாடகை வீட்டில் குப்பை கொட்டும் எல்லாருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்றேன். பொறுத்தருள்க :-)

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். நாலு பேர், ரெண்டு படுக்கையறை. இந்த ஊரின் அடையாளமே 'பேக் டு பேக்' வீடுகள்தான். பேருக்கேத்த மாதிரி எங்கள் பின்சுவர்தான் அடுத்த தெரு வீட்டுக்கும் பின்சுவர். ரெண்டு பக்கமும் ஒட்டினாற்போல வேறு வீடுகள். ஆக, ஜன்னல், கதவு எல்லாம் முன்பக்கம் மட்டும்தான். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியே கிடையாது. இதற்காகவே 1909-ல் இப்படிக் கட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. லீட்ஸ்காரங்க முன்னாடியே அனுமதி வாங்கின வரைபடங்களை வெச்சு 1937 வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்தாங்க. நம்ம ஊர்ப் பழைய வீட்டில் வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியுமே, அதன் அருமை இங்கே வந்துதான் புரிஞ்சது.

நவம்பரில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாய்ப் பூசணம். துடைத்தோம், திரும்ப வந்தது. அறை நண்பனுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துட்டான். "மாப்ள, மூச்சு உள்ளே போகுது, வெளிய வரமாட்டேங்குதுடா"ன்னான். இன்ஹேலர் அடித்து, 111-க்கு போன் போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் பூசணம் இருக்கா?"

ஏஜெண்டுக்கு மெயில் போட்டோம். பதில் சுருக்கமாக வந்தது: உங்கள் சமையல் முறையும் வாழ்க்கை முறையும்தான் காரணம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். படிச்சதும் ரத்தம் கொதிச்சுது. சாம்பார் தாளிச்சா சுவர் கறுக்குமா? திட்டி ஒரு மெயில் எழுதிட்டு, அனுப்பாமல் நிறுத்தினேன். ஒருவேளை அந்தாளு சொல்றதுல பாதி உண்மை இருந்தா?

சரி, அளந்துடுவோம். ஈரப்பதமானி பத்து பவுண்டுக்குள் கிடைச்சது. கார்பன் டை ஆக்சைடு மீட்டரும், பிஎம் 2.5 எனும் நுண்துகளை அளக்கும் கருவியும் ஒரு நண்பரிடம் ரெண்டு வாரத்துக்கு இரவல். எண்களை நோட்டில் எழுதினோம்.

1. தூங்கும் அறை: வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420-430 பிபிஎம் இருக்கும். ஜன்னலைச் சாத்தி ரெண்டு பேர் தூங்கிய அறையில் காலையில் 2,600. இந்த அளவு விஷமில்லை. ஆனால் நாம விட்ட மூச்சையே நாம திரும்ப இழுத்துக்கிட்டிருக்கோம்னு அர்த்தம். ஜன்னலை ரெண்டு விரல் அளவு திறந்து படுத்தால் 1,000-க்குக் கீழே.

2. ஈரப்பதம்: 40-60 சதவீதம் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் சாதாரணமாகவே 70. துணி காய வைத்த நாளில் 82! ஒரு லோடு ஈரத்துணியிலிருந்து சுமார் ரெண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த வெளிச்சுவரில் படியும். பீரோவுக்குப் பின்னால் காற்றும் போகாது, வெயிலும் படாது. பூசணத்துக்கு வேறென்ன வேணும்?

3. சமையல்: உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் நுண்துகள். நாங்க கடுகு, மிளகாய் தாளித்த அஞ்சாவது நிமிஷம் 400-ஐத் தாண்டிடுச்சு. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏத்தினாலும் எகிறுது. மணம் நல்லாயிருந்தா காற்றும் நல்லாயிருக்குன்னு அர்த்தமில்லை. அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் மின்விசிறி ஓடிக்கிட்டுதான் இருந்தது. கழட்டிப் பார்த்தா, அதுக்கு வெளியே போற குழாயே இல்லை! ஒரு கரி வடிகட்டி வழியா அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுது.

4. குளியலறை: மின்விசிறி சத்தம் போடுது. ஒரு டிஷ்யூ தாளை அதன் வாயில் வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. அவ்வளவுதான் அதன் இழுவிசை.

ஆக, தாளிப்பு புகையைக் கிளப்புது, சுவரைக் கறுக்க வைக்கலை. சுவரைக் கறுக்க வெச்சது ஈரம். அதில் துணி காயப்போட்ட எங்க பங்கும் உண்டு, ஓட்டை மின்விசிறியை மாட்டி வெச்ச அவங்க பங்கும் உண்டு.

எங்க பங்கை முதல்ல சரி பண்ணினோம். துணி காய குளியலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து அங்கேயே. சமைக்கும்போது மூடி போட்டு, முன் ஜன்னலைத் திறந்து, முடிந்த பிறகும் கால் மணி நேரம் அப்படியே. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெச்சோம். பூசணத்தை முகமூடி, கையுறையோட நான்தான் துடைச்சேன். வீசிங் இருக்கிறவங்க அந்த வேலையைத் தொடவே கூடாது. மேலே பெயிண்ட் அடிச்சு மறைக்கிறதும் தீர்வில்லை.

பெயிண்ட்னதும் சொல்லியே ஆகணும். இதே நாட்டில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்து போனது. வீட்டுப் பூசணத்தில் நெடுநாள் மூச்சு விட்டதே காரணம்னு 2022-ல் மரண விசாரணை சொன்னது. சூடானிலிருந்து வந்த பெற்றோர். 2017-லேயே புகார் சொன்ன அப்பாவுக்குக் கிடைத்த யோசனை, மேலே பெயிண்ட் அடி. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறை மேலும் பழி போட்டாங்க. அவன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் ஆபத்தான ஈரம், பூசணத்தைக் கெடுவுக்குள் கவனிச்சே ஆகணும். "உங்கள் வாழ்க்கை முறை" என்ற அதே வார்த்தைகளை எங்க மெயிலில் பார்த்தவனுக்கு, இதைப் படிச்சப்ப தொண்டை அடைச்சுது.

ரெண்டு வார எண்களை அட்டவணையாப் போட்டு, டிஷ்யூ தாள் விழும் வீடியோவையும் சேர்த்து ஏஜெண்டுக்கு அனுப்பினேன். திட்டு ஒரு வரி கூட இல்லை. ஒன்பதாம் நாள் ஆள் வந்து குளியலறை மின்விசிறியை மாத்திட்டுப் போனார். இப்போ ஈரப்பதம் 55-60. நண்பன் ராத்திரி எழுந்து உட்காரலை. மூலையில் கொஞ்சம் பூசணம் இன்னும் எட்டிப் பார்க்குது. சுவரே குளிர்ச் சுவர், முழுசாப் போகாது.

இன்னொண்ணு, மறக்காதீங்க. கார்பன் டை ஆக்சைடு மீட்டர், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. அதுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பாய்லர் இருக்கும் அறையில் அதற்கான அலாரம் வைப்பது வீட்டுக்காரர் கடமை. ஆனா கேஸ் அடுப்புக்கு அந்த விதி பொருந்தாது. அடுப்பு மட்டும் இருக்கிற சமையலறைன்னா, இருபது பவுண்டு போனா போகுதுன்னு நீங்களே ஒண்ணு வாங்கி மாட்டுங்க.

டிஸ்கி: இவ்வளவையும் அம்மாகிட்ட போன்ல அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு சொன்னாங்க: "ஜன்னலைத் திறந்து வைன்னு சொல்ல ஒரு மெஷினாடா?" :-)