பீட்ரூட்டின் சிவப்பு ரத்தத்தில் ஏறாது

"தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கேன் சிஸ்டர், பாயிண்ட் ஏறவே மாட்டேங்கு." தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருந்த காலம் முழுக்க இதைக் கேட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் கேட்கிறேன். பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட அதில் இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. சிவப்பைப் பார்த்து நம்பி, இல்லாத வீட்டுப் பெண்களும் இருக்கிற காசை அதில் போடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் காசுக்குக் கொள்ளும் கறுப்பு எள்ளும் வாங்கலாமே.

பாயிண்ட் என்று எல்லோரும் சொல்வது ஹீமோகுளோபின் அளவை. அது பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இங்கே பெரும்பாலானவர்கள் மீனும் கறியும் சாப்பிடுகிறவர்கள். அப்படியிருக்க, சைவச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. நானும் பிறந்ததிலிருந்து சைவம்தான்.

செடியில் இருக்கும் இரும்பு கறியில் இருப்பதைப் போல உடம்பில் எளிதாகச் சேராது என்பது உண்மை. 100 கிராம் கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேல், கொண்டைக்கடலையிலும் கம்பிலும் ஆறுக்கு மேல், கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை அளவில் இரும்பு இருக்கிறது. தானியமும் பருப்புமாகச் சாப்பிடும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூடக் குடல் வாங்கிக்கொள்வதில்லை. அந்தப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் அடுக்களையில்தான் நடக்கிறது.

சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டே டீ குடிப்பது நம் வழக்கம். டீயில் இருக்கும் துவர்ப்பு, சுண்டலின் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். சேர வேண்டியதில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். காபியும் தடுக்கும், டீ அளவுக்கு இல்லை. டீயை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் போதும் என்றுதான் வீடு வீடாகச் சொன்னேன். கேட்டவர்கள் உண்டு. மாமியார் டீ போட்டு நீட்டும்போது, அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்ல முடியாத மருமகள்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் மாமியாரிடம்தான் முதலில் பேசுவேன்.

டீ செய்வதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது வைட்டமின் சி. சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சத்து போய்விடும். கீரை வைக்கும் நாளில் நெல்லிக்காய்ப் பச்சடியோ ஒரு கொய்யாவோ கூட இருக்கட்டும். பயறை முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும், இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும். புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழும் இட்லி மாவும் அந்த வகையில் நல்லவை. பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புச் சட்டியைத் தேய்த்து எடுத்துப் புளிக்குழம்பு வையுங்கள். புளிப்புக்கு இரும்பு கொஞ்சம் கரைந்து குழம்பில் இறங்கும். குழம்பைச் சட்டியிலேயே விட்டுவைக்காமல் உடனே மாற்றிவிடுங்கள், நிறம் கறுத்துவிடும்.

கீரையாலும் பயறாலும் தர முடியாத சத்து ஒன்று உண்டு: பி12. அது குறைந்தாலும் ரத்தசோகை வரும். சைவர்களுக்குப் பால், தயிர், மோர்தான் அதற்கு வழி. பாலும் தொடாதவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் பால் குடித்தாலும் இது குறையலாம். உள்ளங்கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், நடையில் தள்ளாட்டம் இருந்தால் பி12 பரிசோதனை கேளுங்கள். அதைப் பார்க்காமல் போலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறினது போல் தெரியும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

பாயிண்ட் எட்டு, ஒன்பது என்று இறங்கியவர்களிடம் கீரை சாப்பிடு என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. குறைந்ததை ஏற்றுவது மாத்திரை. ஏறியதைக் காப்பது சாப்பாடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பாலோடும் டீயோடும் போடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டபின் போடலாம், நிறுத்திவிட வேண்டாம். பாயிண்ட் சரியான பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்ப, மருத்துவர் சொல்கிற வரை இன்னும் சில மாதம் தொடர வேண்டும்.

ரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். மாதவிலக்கில் அதிகப் போக்கு, மூலம், கொக்கிப்புழு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கோ வீட்டு ஆண்களுக்கோ ரத்தம் குறைந்தால் சாப்பாட்டைக் காரணம் காட்டி இருந்துவிடாதீர்கள். வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கலாம். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை தொடங்கும் முன்பே கறுப்பாகப் போயிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.