பத்தே புரதங்கள்

காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களுக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘என்எஸ்1 பாசிட்டிவ்’ என்று வந்தால், அது டெங்கு. அந்தச் சோதனை தேடுவது வைரஸை அல்ல; தொற்றுக்குள்ளான செல்கள் ரத்தத்தில் கலந்துவிடும் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத்தான்.

டெங்கு வைரஸின் விட்டம் சுமார் 50 நானோமீட்டர். அதன் மரபுச் செய்தி ஏறக்குறைய 10,700 எழுத்துகள் கொண்ட ஒரே ஆர்என்ஏ இழை. அதிலிருந்து உருவாகும் புரதங்கள் பத்தே பத்து. மூன்று, வைரஸின் உடலாக அமைகின்றன. மற்ற ஏழும் வைரஸைப் பெருக்குகின்றன. அவற்றில் பல, நம் நோய் எதிர்ப்பு அமைப்பையும் முடக்குகின்றன.

வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். அந்தச் செய்தியை உட்கருவுக்குள் கொண்டுபோகும் புரதங்களில் ஒன்று ஸ்டாட்2. வைரஸின் அந்த ஏழு புரதங்களில் ஒன்றான என்எஸ்5 அதைப் பற்றிக்கொண்டு, பழுதான புரதங்களை அழிக்கச் செல் வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கொண்டே அதை அழித்துவிடுகிறது. என்எஸ்2பி, என்எஸ்3 இரண்டும் சேர்ந்த நொதியோ, ஸ்டிங் என்ற காவல் புரதத்தை வெட்டிப்போடுகிறது.

என்எஸ்1 செய்யும் கேடு வேறு வகை. ரத்தக் குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும் சர்க்கரைப் படலத்தை அது சிதைக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிய இதுவும் ஒரு காரணம். கசிவு மிகுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால், அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நெடுங்காலம் நிலைக்கும். பிறகு வேறொரு வகை தாக்கும்போது, பழைய ஆன்டிபாடிகள் அதன் மேல் ஒட்டினாலும் செயலிழக்க வைக்க முடியாமல் போகலாம். ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்குவது சில வெள்ளையணுக்களின் இயல்பு. அப்படி உள்ளே போன வைரஸ் அங்கேயே பெருகுகிறது. கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்பே ஒரு முறை தொற்றுக்கு ஆளானவர்கள்.

அதனால், முன்பு டெங்கு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீர்க்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள். அவை ரத்தப்போக்கை அதிகமாக்கும்.